பதினெட்டுப் பேர் சேராத ஊர்: பள்ளி மூடிய 19 மாதங்களும் ஒரு மாணவியின் ஓட்டமும்

இந்த நிகழ்வு ஆய்வு ஒரே ஒரு பிள்ளையைப் பற்றியது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில், மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கிற மீனவ ஊர் அவளுடையது. 2020 மார்ச்சில் அந்த ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் 6-ஆம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வயது 11. நான் அந்தப் பள்ளியின் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை. 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது வேலைக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. வாரத்தில் மூன்று அரைநாள் பள்ளிக்குப் போவேன். பிள்ளையின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எழுதலாம் என்று அவளும் அவள் அம்மாவும் சொன்ன பிறகே எழுத உட்கார்ந்தேன். என் பயிற்சி நோட்டு, அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியவை, பள்ளி திறந்த பிறகு ஏழு மாதம் அவளைப் பக்கத்திலிருந்து பார்த்தது, இவைதான் இதற்கு ஆதாரம்.

கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் என்னிடம் பலரும் சொன்ன ஒரு வார்த்தை உண்டு. "டவுன் பிள்ளைகதான் பாவம், நாலு சுவத்துக்குள்ள கிடக்குது. நம்ம பிள்ளைகளுக்கு என்ன, கடல் இருக்கு, மணல் இருக்கு, அங்கிட்டு இங்கிட்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்." நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் நம்பினேன். அது தவறு என்று எனக்குக் காட்டியவள் இந்தப் பிள்ளை.

பள்ளி நடந்தபோது அவளுடைய ஒரு நாள்

அவள் கோ-கோ ஆடுவாள். நல்ல உயரமோ பலமோ கிடையாது. ஆனால் கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது உடம்பை மடக்கி வெட்டித் திரும்புவாள், துரத்துகிறவள் இரண்டடி தாண்டிப் போய்விடுவாள். அந்தத் திருப்பத்தைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது. என் நோட்டில் 2020 பிப்ரவரிக் குறிப்பு ஒன்று இருக்கிறது: மைதானத்தை நிற்காமல் ஆறு சுற்று. எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 150 மீட்டர் வரும்.

பயிற்சியை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். பள்ளி அவளை எவ்வளவு அசைய வைத்தது என்று பின்னாளில் அவளோடு உட்கார்ந்து ஒரு நாளை முழுவதும் எழுதிப் பார்த்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் நடை. காலையில் சீக்கிரம் வந்துவிடுவாள், ஆகவே பிரேயர் மணி அடிக்கும்வரை தொட்டுப் பிடித்து விளையாட்டு. இடைவேளையில் குழாயடிக்கு ஓட்டம். சத்துணவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பெல் அடிக்கும்வரை பாண்டியோ கயிறு தாண்டுவதோ. பி.இ.டி. பீரியடு இருக்கும் நாளில் அது ஒரு நாற்பது நிமிடம். நான் இருக்கிற நாட்களில் சாயங்காலம் கோ-கோ. அப்புறம் திரும்ப ஒரு கிலோமீட்டர் நடை. இதில் எதையும் அவள் உடற்பயிற்சி என்று சொல்லமாட்டாள். கூட்டிப் பார்த்தால் மூச்சு வாங்க ஓடியாடியது மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்தது.

5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் சேர்க்கிற குதித்தல், ஏறுதல் மாதிரியான வேலை வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு வருடத்தில் 220 நாள் அந்த 60 நிமிடம், யாரும் திட்டம் போடாமலே, வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது. "அனுமதி கேட்காமலே" என்ற சொல்லை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வே அதைச் சுற்றித்தான்.

கேட் பூட்டிய பிறகு

2020 மார்ச் நடுவில் பள்ளியை மூடினோம். இரண்டு வாரம் என்று நினைத்துத்தான் மூடினோம். கோ-கோ கம்பங்களைப் பிடுங்கி உள்ளே வைக்கக்கூட இல்லை. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பிள்ளைகள் எல்லோரும் தேர்வில்லாமல் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். இவள் 7-ஆம் வகுப்பை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கவில்லை. 2021 தொடக்கத்தில் பெரிய வகுப்புகளுக்குச் சில வாரம் திறந்து, மார்ச்சில் மறுபடி மூடினார்கள். 1 முதல் 8 வரை திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். ஆறாவதில் விட்டுப் போனவள் எட்டாவதில் திரும்பி வந்தாள்.

முதல் மூன்று மாதம் அவள் சொன்னபடி மோசமில்லை. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வழக்கமாக ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; அந்த ஆண்டு மட்டும் அதை 47 நாளாகக் குறைத்து மே 31-ல் முடித்தார்கள். அதுவரை அப்பா வீட்டில் இருந்தார். தம்பியும் இவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பனங்காட்டுக்குப் போய் நுங்கு தின்று, நுங்கு வண்டி செய்து உருட்டினார்கள். அந்த வெயிலில் அவள் ஓடிய ஓட்டத்தைச் சொல்லும்போது இப்போதும் அவள் முகம் மலர்கிறது.

ஜூலையில் அவள் ஆளானாள். ஊரடங்கு என்பதால் பந்தல் இல்லை, மைக் செட் இல்லை. தாய்மாமன் மட்டும் சீரோடு வந்து சடங்கு சுற்றினார்கள். பள்ளி நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். பத்துப் பதினைந்து நாள் வரமாட்டார்கள். அப்புறம் தலை நிறையப் பூவோடு, கொஞ்சம் வெட்கத்தோடு வகுப்புக்கு வருவார்கள். ஒரு வாரம் மைதானத்துக்கு ஓரமாக நிற்பார்கள். அதற்கடுத்த வாரம் கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டுவிடுவார்கள். ஓடத் தொடங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடம் என்கிற வழக்கம் சடங்கு என்கிற வழக்கத்தை மெதுவாக ஓரம் கட்டிவிடும். இவளுக்குத் திரும்பிப் போக ஒரு பள்ளி இல்லை. பதினைந்து நாள் இருக்க வேண்டிய அடைப்பு பதினைந்து மாதத்துக்கும் மேல் நீண்டது.

வீட்டில் யாரும் அவளை அடைத்து வைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் உடனே பெற்றோரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். கடைக்குப் போவாள், குழாயடிக்குப் போவாள், அத்தை வீட்டுக்குப் போவாள். ஆனால் போகிற காரியம் என்று ஒன்று இருக்க வேண்டும். காரியமில்லாமல் ஓடுவது, அதுவும் ரோட்டில் ஓடுவது, கூடாது. அவள் அம்மா என்னிடம் சொன்னது இது:

"ஆளான பிள்ளை டீச்சர். பள்ளிக்கூடத்துக்குள்ள ஓடுனா அது பாடம். ரோட்டுல ஓடுனா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

எனக்கு இந்த ஆய்வில் கிடைத்த முக்கியமான கண்டுபிடிப்பு அந்த வாக்கியம்தான். நான் இருபது பக்கம் எழுதினாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்த அம்மாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கடற்பாசி எடுக்கப் போகிறவர். மாதத்தில் பாசிக்குப் போகிற நாட்களில், காலையில் மற்றப் பெண்களோடு படகேறித் தீவுப் பக்கம் போவார். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்ப்பார்கள். ஒரு நாளில் மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் கிடப்பார்கள். இந்தக் கடற்கரையில் அதைவிடக் கடுமையான உடல் உழைப்பு எனக்குத் தெரிந்து குறைவு. அப்படிப்பட்ட உடம்பை வைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர் மகள் ஓடக் கூடாது என்கிறார். முதலில் எனக்கு இது புரியவே இல்லை. பேசப் பேசத்தான் விளங்கியது. பெண்ணின் உடம்பு வேலைக்காக எவ்வளவு பாடுபட்டாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். விளையாட்டுக்காக அது அசைவதற்கு மட்டும் ஒரு காம்பவுண்டுச் சுவர் தேவைப்படுகிறது. அந்தச் சுவர் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது.

தண்ணி வண்டி கணக்கில் வருமா

ராமநாதபுரம் மாவட்டத்தில் ரோட்டில் போகிற யாருக்கும் தள்ளுவண்டி கண்ணில் படும். இரும்புச் சட்டத்தில் குடங்களை வரிசையாக வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பள்ளி மூடிய பிறகு வீட்டுத் தண்ணி வண்டி இவள் கைக்கு வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு குடம், அரைக் கிலோமீட்டர், பாதி வழி மணல். மணலில் சக்கரம் புதையும்போது மார்பை வண்டிச் சட்டத்தில் கொடுத்துத் தள்ள வேண்டும்.

இதுவும் உடல் உழைப்புத்தானே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். எங்கள் பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணி வண்டி கைக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை கொடுக்கிறது. அவள் திரும்பி வந்தபோது கைகளில் பலம் குறையவில்லை, கூடியிருந்தது. ஆனால் அந்த வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்கப் பாத்திரம், சமையல், தம்பியைப் பார்த்துக்கொள்வது, கல்வித் தொலைக்காட்சி, அதற்கப்புறம் மற்ற சீரியல்கள். வண்டி தள்ளும்போது குதிக்க மாட்டோம், சட்டென்று திசை மாற மாட்டோம், உட்கார்ந்து எழும்ப மாட்டோம். நெஞ்சு படபடக்கும் அளவுக்கு நேரமும் நீளாது. கோ-கோவில் துரத்தும் அணியில் எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு திசை பார்த்துக் குத்த வைத்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் முதுகைத் தொட்டு "கோ" சொன்னதும் எம்பிப் பாய வேண்டும். ஒரே ஆட்டத்தில் இருபது முப்பது முறை உட்கார்ந்து எழும்புவார்கள். காலுக்கும் எலும்புக்கும் அது செய்வதைக் குடம் சுமப்பது செய்யாது.

எலும்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வயதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று புரியாது. பெரியவரான பிறகு ஒருவர் உடம்பில் இருக்கும் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு, வளர்ச்சி வேகமெடுக்கும் அந்த இரண்டு வருடத்தில் சேர்ந்துவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் 11-லிருந்து 14 வயதுக்குள் வரும். குதிப்பதும் ஓடுவதும் அந்தச் சேமிப்புக்கு உதவுகிறது. இவளுக்குப் பள்ளி மூடியது 11 வயதில், திறந்தது 13 வயதில். இதைவிட மோசமான நேரம் அமைந்திருக்க முடியாது.

ஆண்பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவர்கள் கதை வேறு. அவளோடு படித்த பையன்களில் சிலர் அப்பாவோடு நாட்டுப்படகில் ஏறினார்கள், சிலர் கரைவலை இழுக்கப் போனார்கள், சிலர் ஃபோனில் ஃப்ரீ ஃபயர் ஆடிக் கிடந்தார்கள். கரையில் கிரிக்கெட் நடந்தது. அவர்களுக்கும் ஓட்டம் குறைந்தது, ஆனால் இடம் பறிபோகவில்லை. அவளுடைய தம்பி அந்த 19 மாதத்தில் நீச்சல் கற்றுக்கொண்டான். ஒரே வீடு, ஒரே கடல்.

உலகம் முழுவதும் இதே காலத்தில் பிள்ளைகளின் அசைவு குறைந்தது. பெருந்தொற்றுக்கு முன்னும் பெருந்தொற்றின்போதும் அளந்த 22 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளிவந்த கட்டுரை ஒன்று, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகவும், மூச்சு வாங்கும் அசைவு மட்டும் நாளொன்றுக்கு 17 நிமிடம் குறைந்ததாகவும் சொன்னது. 60 நிமிடத்தில் 17 போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அது சராசரி. சராசரிக்குள் இவளும் இருக்கிறாள், இவள் தம்பியும் இருக்கிறான். ஆகவே அந்த எண்ணை வைத்து இந்த ஊரின் பெண்பிள்ளைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு விஷயம். நாள் முழுக்க நேரம் கிடைத்தால் பிள்ளைகள் அதிகமாக ஓடுவார்கள் என்று நினைக்கிறோம். பெருந்தொற்றுக்கு முன்பே, பள்ளி நாளைவிட விடுமுறை நாளில் பிள்ளைகள் குறைவாக அசைகிறார்கள், தாமதமாகத் தூங்குகிறார்கள், அதிகமாகத் திரை பார்க்கிறார்கள் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். பள்ளி நாளுக்கு ஒரு சட்டகம் இருக்கிறது: மணி அடிக்கிறது, வரிசை இருக்கிறது, இடைவேளை இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். இந்தக் கூட்டாளிகள் என்பதைத்தான் நான் கவனிக்கத் தவறியிருந்தேன். கோ-கோவுக்கு ஒரு பக்கம் ஒன்பது பேர், ஆகமொத்தம் பதினெட்டு. அந்த ஊரில் அவள் வயதுப் பெண்பிள்ளைகள் பதினெட்டுப் பேர் தெருவில் ஒன்றாகச் சேர வழியே இல்லை. மூன்று குக்கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிதான் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 2021

திறந்த அன்று மைதானத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. சீமைக் கருவேல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரு கம்பம் அடியில் உளுத்துச் சாய்ந்து கிடந்தது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் அதிகம், ஆகவே பாதி மைதானத்தில் தண்ணீர். பிள்ளைகள் சுழற்சி முறையில் வந்தார்கள். சேர்ந்து விளையாடக் கட்டுப்பாடு இருந்தது. முள்ளை வெட்டி, வேரோடு பிடுங்கி, காலில் குத்தாத அளவுக்கு மண்ணைக் கூட்டவே இரண்டு வாரம் ஆயிற்று.

அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. வளர்ந்திருந்தாள், சற்று எடை போட்டிருந்தாள். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். டிசம்பர் முதல் வாரம்தான் ஓடச் சொன்னேன். ஒன்றரைச் சுற்று. அதற்குமேல் முடியாமல் முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டாள். இளைப்பைவிட அவளுக்கு வெட்கம்தான் அதிகம். "எல்லாரும் பாக்குறாங்க டீச்சர்" என்றாள். அங்கே இருந்தது அவள் வகுப்புப் பிள்ளைகளும் நானும்தான்.

ஆறு சுற்று ஒன்றரைச் சுற்றாகச் சுருங்கியதற்கு ஓட்டம் நின்றதை மட்டும் காரணம் சொல்வது சரியாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது அவளுக்கு ரத்தச்சோகை இருந்தது. இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. 6-ஆம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையை வகுப்பறையிலேயே, ஆசிரியர் கண் முன்னால் விழுங்க வைப்போம். பள்ளி மூடியபோது கண் முன்னால் விழுங்க வைப்பதும் நின்றது. சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குப் போயின. அது குடும்பம் முழுவதற்குமான சாப்பாட்டில் கலந்தது. ஆக, சோகையும் ஓடாத உடம்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. இளைக்கிறது, அதனால் ஓடுவதில்லை. ஓடாததால் இன்னும் இளைக்கிறது.

என்ன செய்தோம்

முதலில் மாத்திரை. அதை டாக்டர் சொன்னபடி கொடுத்தார்கள். அப்புறம் நடை. ஓடச் சொல்வதை நிறுத்திவிட்டு, மைதானத்தைச் சுற்றிப் பேசிக்கொண்டே நடக்கச் சொன்னேன். அதோடு கயிறு தாண்டல், முப்பது எண்ணிக்கை, ஓய்வு, மறுபடி முப்பது. ஜனவரியில் பள்ளிகளை மறுபடி மூடினார்கள். பிப்ரவரி 1-ல் திறந்தபோது, ஒரு மாதத்தில் சேர்த்ததில் பாதி போயிருந்தது.

அந்த மாதத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பள்ளி மூடியதில் விட்டுப்போன பாடத்தைத் தன்னார்வலர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்க அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் அவர்கள் தெருவில் ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் போனார்கள், இவளும் போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அது படிப்பு. தன்னார்வலராக இருந்தது அதே தெருப் பெண், பட்டப்படிப்பு முடித்தவள். அவளிடம் பேசினேன். பாடம் முடிந்து கடைசி இருபது நிமிடம் பாண்டி, கல்லா மண்ணா, கயிறு என்று வைத்தாள். மையம் நடந்த வீட்டு முற்றத்துக்குள்ளேயே. "படிப்பு" என்ற பெயர் இருந்ததால் அந்த முற்றமும் காம்பவுண்டு ஆகிவிட்டது. நான் எவ்வளவோ பேசி நடக்காத காரியம் ஒரு நேர அட்டவணையில் நடந்தது.

பயிற்சியைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றினேன். சாயங்காலம் பள்ளி முடிந்து போகும் வழியில் ஆட்கள் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வியர்த்து நனைந்த சட்டையோடு அந்த வழியாகப் போகப் பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சின்ன விஷயம் இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் இருந்ததற்காக வருத்தப்பட்டேன். காலையில் வந்து ஓடி, முகம் கழுவி, உடை மாற்றிப் பிரேயரில் நிற்கலாம். உடை மாற்ற ஓர் அறையைத் தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்தார். மாதவிலக்கு நாட்களில் ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கை எழுதச் சொன்னேன், வீட்டில் நின்றுவிடச் சொல்லவில்லை.

மார்ச்சில் பாசிக்குப் போகாத ஒரு நாள் பார்த்து அம்மாக்களைக் கூப்பிட்டேன். ஆறு பேர் வந்தார்கள், பூவரசு நிழலில் உட்கார்ந்தார்கள். ஸ்டாப்வாட்சை அவள் அம்மா கையில் கொடுத்து, நான் சொல்லும்போது நிறுத்துங்க அக்கா என்றேன். மூன்றாவது சுற்றில் அவள் திணறினாள். அம்மா எழுந்து நின்றுவிட்டார். கூப்பிட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் வந்து, "டீச்சர், அவ மூச்ச உள்ளேயே வச்சுக்கிட்டு ஓடுறா. விடவே மாட்டேங்குறா. முங்கி வந்தவுடனே நாங்க முதல்ல முழுசா வெளிய விடுவோம், அப்புறந்தான் இழுப்போம். விட்டாத்தான் உள்ள போகும்" என்றார்.

அன்று அரைமணி நேரம் அந்த ஆறு பெண்களும் பிள்ளைகளுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிட வேண்டும். நான் படித்த உடற்கல்விப் படிப்பில் இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் இப்படிச் சொல்லத் தெரிந்த ஒரு ஆளைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு என் வேலை லேசாகிவிட்டது. மகள் ஓடுவது தன் வேலையைப் போன்ற ஒரு வேலைதான் என்று அந்த அம்மாவுக்கு அன்று பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் மூன்று சுற்று. ஏப்ரல் நடுவில் ஐந்து. அந்த ஆண்டு வகுப்புகள் மே மாதம் வரை நீண்டது எங்களுக்கு உதவியாக இருந்தது. மே முதல் வாரம் ஆறு சுற்று ஓடி முடித்தாள். ஆனால் கம்பத்தில் வெட்டித் திரும்பும் அந்தப் பழைய திருப்பம் முழுதாக வரவில்லை. உடம்பு வளர்ந்துவிட்டது, அந்த அளவுக்குப் புதிதாகப் பழக வேண்டும். இடையில் கிடைக்க வேண்டிய இரண்டு வருடப் பழக்கம் கிடைக்கவில்லை.

கோடை

பள்ளி மூடுவது பெருந்தொற்றோடு முடிந்த விஷயம் என்று நினைக்கக் கூடாது. எங்கள் கரையில் ஒவ்வொரு ஆண்டும் மூடும். ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக்கு மூடும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து ராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்றது. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் கோடை விடுமுறை வேறு. அது தடைக்காலத்தோடு சேர்ந்து வருகிறது. ஆண்கள் எல்லோரும் கரையில் இருக்கிறார்கள், படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கிறார்கள், மரவேலை பார்க்கிறார்கள். பையன்கள் கூடமாட நிற்பார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கரை அந்த இரண்டு மாதம் இன்னும் சுருங்கிவிடும். இரண்டு மாதம் பெரிதாகத் தெரியாது. ஜனவரியில் ஒரு மாதம் மூடியதில் எவ்வளவு போயிற்று என்று என் நோட்டைப் பார்த்தால் தெரியும்.

ஆகவே 2022 மே விடுமுறைக்கு முன் தலைமையாசிரியரிடம் ஒன்று கேட்டேன்: மைதானத்துக் கேட் சாவியை ஊரில் ஒருவரிடம் கொடுத்து வைக்கலாமா? யோசித்தார். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வந்தது, நியாயம்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, காலை 6 மணியிலிருந்து 7.30 வரை மட்டும், இரண்டு அம்மாக்கள் கூட இருக்க வேண்டும் என்று முடிவானது. சாவி அவள் அம்மாவிடம் போயிற்று. பாசிக்குப் போகிற நாட்களில் இன்னொருவர் வாங்கிக்கொள்வார்.

முதல் நாள் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். எட்டாவது முடித்த இவளும் இருந்தாள். அடுத்து இவள் போக வேண்டியது தள்ளி இருக்கிற உயர்நிலைப்பள்ளி, பஸ்ஸில்தான் போக வேண்டும். விடுமுறை முழுக்கப் பதினெட்டுப் பேர் ஒரு நாளும் சேரவில்லை. பக்கத்துக்கு ஆறு பேர் வைத்து, கோட்டைச் சுருக்கிப் போட்டு ஆடினார்கள். சிறிய பிள்ளைகளுக்குக் கம்பத்தில் திரும்ப இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் மூன்று முறைதான் போய்ப் பார்க்க முடிந்தது.

ஜூன் 13-ல் பள்ளி திறந்தது. மறுநாள் தடைக்காலம் முடிகிறது, கரையில் ஐஸ் ஏற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் அவள் அம்மா சாவியோடு ஆபீஸ் வாசலில் நின்றார். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"சனி ஞாயித்துக்கு நானே வச்சுக்கிறவா டீச்சர்?" என்று கேட்டார்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். வைத்துக்கொள்ளட்டும் என்றார்.